கரிசல் பருவங்கள் – 9: ஐப்பசி ஆட்டம், கன்னி நாய், கருப்பட்டிக் காப்பி

சென்ற வாரம் புரட்டாசிப் புழுதி விதைப்போடு நிறுத்தியிருந்தோம். மழை விழுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, காய்ந்த மண்ணில், வானத்தை நம்பி விதையைப் போட்டுவிடுகிற துணிச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இதை முன்பருவ விதைப்பு என்று சொல்லி, விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைக்கப் பரிந்துரைக்கிறது. எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இது தாத்தன் காலத்துப் பழக்கம்.

விதை மண்ணுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது? இந்த வாரம் அதைப் பார்ப்போம். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் ஐப்பசி என்பது காத்திருக்கிற மாதம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவது. அந்தக் காற்று திரும்பினால் உளுந்து, பாசி, சோளம், கம்பு, மக்காச்சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எல்லாம் உண்டு. திரும்பாவிட்டால் விதையும் போயிற்று, உழவுக் கூலியும் போயிற்று. மிதமிஞ்சிப் பெய்தாலும் கெடுதல்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர் கொட்டியது. ஓராண்டு மழையைவிடக் கூடுதலான மழை ஒரே நாளில் விழுந்து, மாவட்டம் முழுவதும் கம்மாய்கள் உடைந்தன.

இப்படிப்பட்ட மாதத்தில் மனிதர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சாயங்காலம் ஓர் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள். வாசலில் நாய் படுத்திருக்கிறது. அடுப்பில் கருப்பட்டி கொதிக்கிறது. கரிசலின் ஐப்பசிச் சாயங்காலம் இந்த மூன்றால் ஆனது.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. அறுப்பு முடிந்து குளிர் தொடங்கும் இந்த மாதங்களில்தான் அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து நடக்கிறது. 1869 நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் ஆடிய ஆட்டத்தை அதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். இன்று மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் 1810-இல் ஓர் அரச திருமணத்தையொட்டித் தொடங்கிய அக்டோபர் திருவிழா, இன்றும் பருவகால பீருக்குப் பேர்போனது. ஆட்டம், வீட்டுப் பிராணி, பருவத்துக்கு ஏற்ற பானம் என்ற மூன்றும் அவர்களுடைய வீடுகளிலும் உண்டு. நம்முடைய மூன்றையும் நாம் எந்த அளவுக்குப் பேணுகிறோம் என்பதே என் கேள்வி.

சரள் மைதானமும் செயற்கைப் புல்லும்

எங்கள் பக்கத்து ஆட்டம் ஹாக்கி. கிரிக்கெட் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கோவில்பட்டியில் சைக்கிள் கேரியரில் ஹாக்கி மட்டையைச் செருகிக்கொண்டு போகிற பையனை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிய காட்சி அது. ஊருக்கு ‘ஹாக்கிப்பட்டி’ என்ற செல்லப்பெயரே உண்டு. பாண்டவர்மங்கலம், இளையரசனேந்தல் போன்ற சுற்றுக் கிராமங்களிலும் ஹாக்கிக் குழுக்கள் இருக்கின்றன.

கரிசல் மண் இந்த ஆட்டத்துக்குத் துளியும் ஏற்றதல்ல. கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்க விடாது. சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு வண்டியையே நிறுத்திவிடும். ஹாக்கிக்கோ கெட்டியான, மட்டமான தரை வேண்டும். அதனால் சரளைக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்திய மைதானங்களில்தான் தலைமுறை தலைமுறையாக இங்கே பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். சரளில் பந்து நேராக வராது. எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அந்தப் பந்தை அடக்கப் பழகிய கைக்குத் தனி லாகவம் வந்துவிடும். விழுந்தால் முழங்காலில் தோல் இருக்காது.

உலகம் வேறு பக்கம் போய்விட்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதற்கு முன்பு ஏழு முறை தங்கம் வென்றிருந்த இந்தியா அந்த ஆண்டு ஏழாம் இடத்துக்குப் போனது. புதுத் தரையில் பந்து வேகமாகவும் நேராகவும் ஓடும். ஓட்டமும் உடல்வலுவும் கூடுதலாக வேண்டும். மண் தரையில் பழகிய சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் பெரிய அணிகளுக்கும் இடையே அன்றைக்கு விழுந்த இடைவெளி லேசானது அல்ல. செயற்கைத் தரை இல்லாத ஊரில் எவ்வளவு திறமை இருந்தாலும், தேர்வு நடக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை முதல்முறையாக அந்தத் தரையை மிதிப்பான்.

கோவில்பட்டி அந்த இடைவெளியைத் தாண்டியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு விளையாட்டு விடுதி இங்கே இருக்கிறது. செயற்கைப் புல்தரை மைதானம் வந்தது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிக்குக் கோடையில் நாட்டின் பெரிய அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. அந்த நாட்களில் கோவில்பட்டியின் தெருப் பிள்ளைகள் இந்திய அணிக்கு ஆடியவர்களைக் கைநீட்டித் தொடுகிற தூரத்தில் பார்க்கிறார்கள்.

பலன் 2022-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இடம்பிடித்தார்கள். மே 23-ஆம் தேதி பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோல் கார்த்தியின் பெயரில் பதிவானது. அந்த அணி வெண்கலத்தோடு திரும்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா தூக்கியபோதும் கார்த்தி அணியில் இருந்தார். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரைக்கு ஒரே பேருந்தில் போய்விடலாம் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உலகக் கோப்பை என்பது பக்கத்து ஊர்த் திருவிழாவாகவே ஆகிவிட்டது.

பெரிய பெயர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஐப்பசி ஆட்டத்தைச் சொன்னதாகாது. இது கல்லூரி ஆட்டங்களின் காலம். கோவில்பட்டியில் 1966-இல் தொடங்கிய கோ. வெங்கடசுவாமி நாயுடு கல்லூரியும் மற்றக் கல்லூரிகளும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் தேறுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்கும், அங்கிருந்து தென்மண்டலப் போட்டிக்கும் போகிறார்கள். முதலமைச்சர் கோப்பையின் மாநிலப் போட்டிகள் 2024-லும் 2025-லும் அக்டோபரில்தான் நடந்தன. அதில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் யார்? தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து வருகிறவர்கள், பஞ்சாலையில் பகல் ஷிப்டு முடிந்தவர்கள், மழைக்காகக் காத்திருக்கிற சம்சாரிகள். மழைக்காலத்தில் மருந்து முக்கிய குச்சி காயாது. அதனால் தீப்பெட்டி வேலை மந்தமாகும். கையில் காசு குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்கிற மாதம் இது. கட்டணம் இல்லாத ஆட்டம் அவர்களுக்குப் பெரிய ஆறுதல். “ஏலே, பாஸ் குடுடே, தனியா எங்க கொண்டு போற?” என்று கம்பிக்கு வெளியே இருந்து ஒரு பெரியவர் கத்துவார். பக்கத்தில் இருக்கிறவர், “அண்ணாச்சி, அவன் உங்க பேரன் மாதிரில்லா ஆடுதான்” என்பார். பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பையன்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கும் அல்ல. பொறியியல் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், ரயில்வேயிலோ வங்கியிலோ வருமானவரித் துறையிலோ ஒரு வேலை, தமிழ்நாடு அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு என்று பல வாசல்கள் இந்த ஆட்டத்தால் திறக்கின்றன. மானாவாரி நிலத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பத்தில் ஒரு மாதச் சம்பளம் நுழைவதற்கு ஹாக்கி மட்டை காரணமாக இருந்திருக்கிறது.

ஒரு கவலையையும் சொல்லவேண்டும். உயர்தரச் செயற்கைத் தரையை ஆட்டத்துக்கு முன்பு தண்ணீர் பாய்ச்சி நனைக்கவேண்டும். தாமிரபரணியிலிருந்து சீவலப்பேரி வழியாகக் குடிநீர் கொண்டுவர வேண்டியிருக்கிற ஊர் இது. தண்ணீர் தேவைப்படாத தரையை நோக்கி உலக ஹாக்கிக் கூட்டமைப்பே நகரத் தொடங்கியிருக்கிறது. நம் பக்கம் இனிமேல் வரும் மைதானங்கள் அப்படிப்பட்ட தரையோடு வரவேண்டும். சுற்றுக் கிராமங்களின் சரள் மைதானங்களையும் கைவிடக்கூடாது. பந்தை முதலில் தொடுகிற இடம் அதுதான்.

முயல் விரட்டிய மண்

நாயைப் பற்றிப் பேச ஓட்டப்பிடாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாஞ்சாலங்குறிச்சி. அந்தக் கோட்டை எழுந்த கதையே நாயில்தான் தொடங்குகிறது. சாலிகுளத்துக் காட்டில் வேட்டைக்குப் போன இடத்தில், துரத்தப்பட்ட முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களையே விரட்டியதாம். இந்த மண்ணில் வீரம் இருக்கிறது என்று கண்டு கட்டபொம்மனின் முன்னோர் அங்கே கோட்டை கட்டினார்கள் என்று கதைப்பாடல்களும் ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். அந்த வழியில் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ஆம் தேதி. ஐப்பசி பிறக்கிற சமயம் அது. கோட்டைக் கதையில் நாய் தோற்றிருக்கலாம். ஆனால் அந்த நாய் இன்றும் எங்கள் வாசலில் இருக்கிறது.

கன்னி, சிப்பிப்பாறை என்ற இரண்டு இனங்களும் இந்தக் கரிசலுக்கு உரியவை. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். கன்னி நாய்கள் கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் வீட்டு நாய்களாக வளர்ந்தவை. இரண்டும் ஒடுங்கிய முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால் என்று ஓடுவதற்காகவே வார்க்கப்பட்ட உடம்பு கொண்டவை. கன்னி பெரும்பாலும் கருப்பு. புருவத்தின் மேலும் கால்களிலும் தவிட்டு நிறம் இருக்கும். மோப்பத்தைவிடப் பார்வையால் இரையைத் தொடர்கிற வகை. குட்டை மயிர் என்பதால் இந்த வெயிலைத் தாங்கும். கம்பங்கூழும் சோளச்சோறும் மோரும் போட்டு வளர்த்த நாய்கள் இவை. குட்டி போட்டால் விற்பதில்லை, உறவுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுப்பார்கள். “சித்தப்பா, அடுத்த ஈத்துல ஒரு பொட்டக்குட்டி எனக்கு” என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள்.

வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் பிடிப்பதும் குற்றம். அது சரியான சட்டம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இந்த மாவட்டத்து வல்லநாட்டுக் குன்றில் இன்னும் வெளிமான்கள் துள்ளுகின்றன என்றால் சட்டமும் ஒரு காரணம். வேட்டை போனபின் நாய்க்கு என்ன வேலை? கரிசல் அதற்கு வேறு வேலை கொடுத்தது. வேம்பூர் செம்மறிகளையும் கன்னி ஆடுகளையும் கிடை போடுகிற இடத்தில் இரவெல்லாம் கண்விழித்துக் கிடக்கிறது. மக்காச்சோளக் காட்டுக்குள் பன்றிக் கூட்டம் இறங்கினால் குரல் கொடுத்து ஆளை எழுப்புகிறது. மழை ஈரத்தில் வெளியே வருகிற விரியனை வாசலிலேயே கண்டு குரைக்கிறது. வீட்டுக்குள் தானியக் குலுக்கையை எலியிடமிருந்து காக்கிற வேலை பூனையுடையது. இரண்டுக்கும் சோறு ஒரே சட்டியிலிருந்துதான்.

ஐப்பசியில் நாய்க்குக் கஷ்டமும் உண்டு. பட்டாசு செய்கிற சிவகாசி பக்கத்தில் இருக்கிற ஊர்கள் இவை. தீபாவளிக்கு முன்னும் பின்னும் சத்தம் ஓயாது. புதியம்புத்தூரில் தையல் மிஷின்கள் தீபாவளி ஆர்டருக்காக இரவு பகலாக ஓடுகிற அதே நாட்களில், எங்கள் தெரு நாய்கள் கட்டிலுக்கு அடியிலும் வைக்கோல் படப்பின் மறைவிலும் நடுங்கிக்கொண்டு கிடக்கும். அந்த இரண்டு மூன்று இரவுகள் நாயைக் கட்டிப் போடாமல் உள்ளே விடுங்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, தடம் தெரியாமல் தொலைகிற நாய்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் உண்டு.

நாட்டு நாய்களுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்கள் வந்தன. அதன்பிறகு நகரங்களிலிருந்து தேடி வந்து குட்டி கேட்கிறார்கள். உறவுக்காகக் கொடுத்த குட்டிக்கு இப்போது விலை பேசப்படுகிறது. மதிப்பு கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இது காட்டில் ஓடப் பிறந்த உயிர். மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியில் கட்டிப் போட்டால் அது இளைத்துப் போகும், முரடாகும். விலைக்காக ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் இனமே கெடும். கிடையிலும் காட்டிலும் வேலை செய்கிற நாய்களிடமிருந்து குட்டி எடுத்தால்தான் அதன் கண்ணும் காலும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

சித்திரையில் காய்ச்சி ஐப்பசியில் குடிப்பது

மூன்றாவது, பானம். ஜெர்மனியின் அக்டோபர் பீரைப் பற்றி மேலே சொன்னேன். பவேரியாவில் 1553-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. வெப்பத்தில் சரக்கு கெட்டுப்போவதும் தீ விபத்தும்தான் காரணங்கள். அதனால் மார்ச் மாதத்தில் சற்றுக் காட்டமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுவதும் சேமித்து, இலையுதிர் காலத்தில் திறந்தார்கள். ஒரு பருவத்தின் விளைச்சலை இன்னொரு பருவத்துக்குக் கடத்துகிற அறிவு அது.

அதே அறிவு பனங்காட்டிலும் இருக்கிறது. வேம்பாரிலிருந்து குளத்தூர், தருவைக்குளம் வரை கடலோரம் நெடுகப் பனைதான். ஓட்டப்பிடாரத்துக் கரிசலிலும் பொழிகளிலும் ஓடைக்கரைகளிலும் பனை நிற்கிறது. மாசி, பங்குனியில் பாளை விடும். பனையேறி விடியும் முன்னே ஏறி, பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி இறங்குவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிகிற சாறு புளிக்காது, பதநீராக இருக்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றில் இருக்கிற ஈஸ்ட் சாற்றில் இறங்கிச் சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் இடையிலான எல்லை.

பதநீர் ஒரு பொழுது தாங்கும். அதனால் அன்றைக்கே காய்ச்சவேண்டும். பனையேறியின் வீட்டுப் பெண்கள் விறகடுப்பில் பெரிய தாச்சியில் மணிக்கணக்காகக் கிளறி, பாகுப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். அதுதான் கருப்பட்டி. சித்திரை வெயிலில் அந்த அடுப்பின் முன் நிற்பது எளிய வேலை அல்ல. காய்ச்சிய கருப்பட்டி ஓலைக் கொட்டானுக்குள் அடங்கி, அடுக்களைப் பரணில் புகை படுகிற இடத்தில் காத்திருக்கும். ஈரம் பட்டால் இளகிவிடும் என்பதால் புகையும் சூடும் அதற்குத் துணை.

ஐப்பசி அடைமழையில் அந்தக் கொட்டானைப் பிரிப்பார்கள். கருப்பட்டியை உடைத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அடியில் தங்குகிற மண் போக வடிகட்டி, அதில் சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டால் சுக்குக் காப்பி. காப்பித்தூள் போட்டால் கருப்பட்டிக் காப்பி. பால் சேர்த்தால் சிலசமயம் திரிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் கருங்காப்பிதான். கூடக் கடிக்கக் கொஞ்சம் காரச்சேவு, அல்லது 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய். மழைச் சாயங்காலத்தில் மைதானத்திலிருந்து நனைந்து வருகிற பையனுக்கும், காட்டிலிருந்து வருகிற தகப்பனுக்கும், கிடைக்குப் புறப்படுகிற கீதாரிக்கும் ஒரே பானம். எனக்கு இதைவிடப் பொருத்தமான பருவ பானம் உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

பனையின் நிலை கவலை தருகிறது. 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தோம். 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைகளுக்கு அனுமதி உண்டு. இங்கே பதநீர் இறக்குகிற பனையேறிகூடப் போலீசுக்குப் பயந்து தொழில் செய்யவேண்டியிருந்த காலங்கள் உண்டு. அதே நேரம் அரசே பீர் விற்கிறது. கள் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். பதநீர் இறக்குகிறவரை மரியாதையோடு நடத்தவேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்கக்கூடாது. ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏற ஆளில்லாத பனை செங்கல் சூளைக்குப் போகிறது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் கருப்பட்டியை வாங்கிக் குடிக்கிற வீடு இருந்தால்தான் மரத்தில் ஏறுகிற ஆள் இருப்பார். சீனி கலந்த போலிக் கருப்பட்டி மலிவாகக் கிடைப்பதும் அசல் காய்ச்சுகிறவரின் வயிற்றில் அடிக்கிறது.

ஐப்பசிக்கும் பனைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, மணல் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மேலே மண் போட்டு மூடுவது இந்த மழையை நம்பித்தான். மார்கழி, தையில் தோண்டினால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகத் தவுண். பிள்ளைகள் அதற்காகவே அரிவாளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். தோண்டாமல் விட்ட கொட்டை மரமாகும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் பாளை விடும். கம்மாய்க் கரையில் நின்றால் அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். 2023 வெள்ளத்தில் கம்மாய்கள் உடைந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்த வேரின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

புழக்கத்தில் இருப்பதே பிழைக்கும்

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறபோது எனக்கு ஓர் உண்மை தெளிவாகிறது. ஹாக்கி இங்கே பிழைத்திருப்பது விழாக்களால் அல்ல. சாயங்காலம் ஆனால் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளால். கன்னி நாய் பிழைத்திருப்பது தபால்தலையாலோ வானொலி உரையாலோ அல்ல. அதற்குக் காவல் வேலையும் ஒரு கவளம் சோறும் கொடுத்த வீடுகளால். பனை பிழைத்திருப்பது மாநில மரம் என்ற பட்டத்தால் அல்ல. மழை வந்தால் கருப்பட்டியைத் தேடுகிற அடுக்களையால். அன்றாடப் புழக்கத்தில் இருப்பது பிழைக்கும். புழக்கம் நின்ற பிறகு எத்தனை விருது கொடுத்தாலும் அது காட்சிப்பொருள்தான். அரசு மைதானம் அமைக்கலாம், இனத்தைப் பதிவு செய்யலாம், விதை கொடுக்கலாம். அதெல்லாம் தேவைதான். அன்றாடத்தை மட்டும் நாம்தான் நடத்தவேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். இந்த ஐப்பசியில் உங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். எந்த ஆட்டமானாலும் சரி, பார்க்க ஆள் இருந்தால் ஆடுகிறவன் இன்னும் இரண்டு அடி கூடுதலாக ஓடுவான். நாட்டு நாய் வளர்க்க ஆசையிருந்தால் முதலில் அது ஓட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வளர்த்தால் வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். கருப்பட்டியைக் காய்ச்சுகிறவரிடமே, அவர் சொல்கிற விலைக்கே வாங்குங்கள். மழை விழுந்த மறுநாள், பக்கத்துக் கம்மாய்க் கரையில் பத்துப் பனங்கொட்டையாவது ஊன்றுங்கள். அதில் கிழங்குக்காகத் தோண்டுவது போக, இரண்டை மரமாக விடுங்கள்.

(அடுத்த வாரம்: கார்த்திகைக் களையெடுப்பும் காட்டில் கிடை போடுகிறவர்களும்)